பின்னால் வருகிற ஆள்

என் அண்ணனுக்கு இடது பக்கம் திரும்பத் தெரியாது என்று எங்கள் தெருவில் கேலி பேசுவார்கள். அதில் முக்கால்வாசி உண்மைதான். காலையில் முகம் கழுவி, அம்மா ஆற்றித் தரும் காபியைக் குடித்துவிட்டு வாசலைத் தாண்டினான் என்றால், மலையை வலது கைப்பக்கம் வைத்துக்கொண்டு போய்க்கொண்டே இருப்பான். மலை திரும்புகிற இடத்தில் அவனும் திரும்புவான். செங்கம் ரோடு, ஆசிரமம், அப்புறம் புளியமரங்கள் மூடிய பாதை, அடி அண்ணாமலை, காஞ்சி ரோடு, ஈசான்ய லிங்கம், கடைசியில் எங்கள் வீடு. வந்ததும் தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படியில் உட்காருவான். மழை பெய்தாலும் இதுதான், மாமா வீட்டுக் கல்யாணம் என்றாலும் இதுதான்.

அவன் என்னைவிடப் பெரியவன். நிலைப்படியில் குனிந்து வரவேண்டிய உயரம். பேச்சு கம்மி. அம்மா, சோறு, போலாம், பாப்பா என்று எண்ணி முடித்துவிடலாம். பாப்பா என்பது நான். பள்ளிக்கூடத்தில் சேர்த்த மறு வாரமே வாத்தியார் அவன் கையைப் பிடித்துக் கூட்டிவந்து வீட்டில் விட்டுவிட்டுப் போய்விட்டாராம். மெட்ராஸில் ஒரு பெரிய டாக்டர் பார்த்துவிட்டு, உடம்புதான் வளரும், மனசு நாலு வயசோடு நின்றுவிடும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். அந்த டாக்டரை நான் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் சண்டை போட்டிருப்பேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது ஊரறிந்த விஷயம். நாலு வயசுக் குழந்தை தன் கையில் இருப்பதைப் பாதியாக உடைத்து அடுத்தவருக்கு வைக்குமா? இவன் வைப்பான். அதைப் பற்றித்தான் சொல்ல வருகிறேன்.

அப்பாவுக்கு மல்லாட்டை மண்டி. சுற்றுப்பட்டு கிராமங்களிலிருந்து வண்டி கட்டி வரும் நிலக்கடலை மூட்டைகளை விலை பேசி விற்றுக்கொடுப்பது தொழில். அதனால் சத்தமாகப் பேசியே பழகிவிட்டவர். வீட்டில் கொஞ்சம் உப்பு கேட்டாலும் ஏலம் விடுகிற மாதிரிதான் இருக்கும். ஆனால் அண்ணன் எதிரில் வந்தால் மட்டும் அவருக்குக் குரல் அடங்கிவிடும். அவனிடம் என்ன பேசுவது என்று தெரியாமல் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விடுவார். அவனைத் தொட்டுப் பேசி நான் பார்த்ததே இல்லை. பிடிக்காமல் இல்லை, பயம். இந்தப் பிள்ளையைத் தனக்கு வளர்க்கத் தெரியவில்லை என்கிற பயம்.

அண்ணன் முதல் தடவை காணாமல் போனது எழுபதுகளின் நடுவில், நான் பாவாடை தாவணி போட ஆரம்பித்திருந்த சமயம். அதுவரை தெருமுனைக்கு மேல் அவன் தனியாகப் போனதில்லை. அன்றைக்குத் தெருவே கிளம்பியது. அப்பா, சித்தப்பா, மண்டியில் மூட்டை தூக்குகிறவர்கள், எதிர்வீட்டு டெய்லர், எல்லோரும் ஓடினார்கள். செங்கம் ரோட்டில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்த பாய், "இப்பதாங்க போறாரு" என்றார். ஆசிரமத்துக்கு எதிரே பூக்காரம்மா, "இப்பதான்" என்றாள். அடி அண்ணாமலை டீக்கடையில், "இப்பதான்" என்றார்கள். மலையைச் சுற்றி இருந்த அத்தனை பேரும் இப்பதான் என்று சொன்னார்களே தவிர, அண்ணன் யார் கையிலும் அகப்படவில்லை. நாக்குத் தள்ள, கால் கடுக்க எல்லோரும் வீடு வந்து சேர்ந்தபோது அவன் அடுப்படியில் உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருந்தான்.

ஒரே ஒரு ஆள் எதிர்ப்பக்கமாகக் கிளம்பியிருந்தால் பாதி வழியில் முகத்துக்கு முகம் பார்த்திருக்கலாம். அத்தனை பேரில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. வேலை வெட்டிக்கு எந்தப் பக்கமும் போவார்கள். ஆனால் சுற்றுவது என்று காலை எடுத்து வைத்துவிட்டால், பெற்ற பிள்ளை காணாமல் போயிருந்தாலும் எங்கள் ஊர்க்காரர்கள் மலையை இடப்பக்கம் வைத்துக்கொள்ள மாட்டார்கள்.

நான் சும்மா இருக்கவில்லை. "ஏன் சித்தப்பா, ஒருத்தராவது எதிர்ல போயிருக்கலாம்ல?" என்று கேட்டேன்.

"வாயக் கழுவு மொதல்ல. மலைய யாராவது தலைகீழா சுத்துவாங்களா?" என்றார் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே.

அண்ணனுக்கு அந்த வழி பிடித்துப்போய்விட்டது. மறுநாளும் போனான், அதற்கடுத்த நாளும் போனான். மாதக்கணக்கில் போனான். தடுத்தால் தடுப்பவரை மெதுவாகத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டுப் போவான். அம்மாவையே அப்படி ஒருநாள் தூக்கி வைத்துவிட்டான்; அம்மாவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. பிறகு ஒரு நாள் செங்கம் ரோட்டில் கரும்பு ஏற்றிய லாரி ஒன்று அவனை உரசிக்கொண்டு போனது. முழங்கை முழுக்கச் சிராய்ப்போடு வந்து நின்றான். அன்று சாயங்காலமே அப்பா ஆசாரியைக் கூட்டிவந்து, கூடத்தை ஒட்டிய அறைக் கதவுக்கு வெளிப்பக்கம் ஒரு இரும்புத் தாழ்ப்பாள் அடித்தார்.

அவன் கத்துவான், கதவை உடைப்பான் என்று நினைத்தோம். ஒன்றும் செய்யவில்லை. அந்த அறையின் நடுவில் எங்கள் அரிசி டிரம் இருந்தது. அதை வலது கைப்பக்கம் வைத்துக்கொண்டு சுற்ற ஆரம்பித்தான். நான் சன்னல் வழியாகப் பார்த்தேன். காலையிலிருந்து சோறு வைக்கிற வரைக்கும் சுற்றினான். சோற்றை வைத்தால் தொடவில்லை. அன்றைக்கு எனக்கு அப்பா மேல் வந்த கோபம் கொஞ்ச நஞ்சமல்ல. மூன்று பேருக்குச் சமைத்த குழம்பை அவர் எதிரிலேயே முற்றத்தில் கொட்டினேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார், திட்டியிருந்தாலாவது தேவலை.

அப்புறம்தான் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். முதலில் சைக்கிள் கடை பாய். வாசலில் நின்றபடியே, "பெரியவரக் காணோமே, எங்கனா ஊருக்குப் போயிட்டாரா?" என்று கேட்டார். எங்களுக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆனது. பெரியவர் என்றால் எங்கள் அண்ணன்! மறுநாள் ஈசான்ய லிங்கத்துப் பக்கம் வண்டி போட்டிருந்த இஸ்திரிக்காரர், கரிப்பெட்டியை அப்படியே விட்டுவிட்டு வந்திருந்தார். அவருக்கு அண்ணன் "மாப்ள". அவருக்குப் பின்னாலேயே அடி அண்ணாமலையில் டீக்கடை வைத்திருந்த அக்கா, டீத்தூள் வாங்க டவுனுக்கு வந்தவள், விசாரித்து விசாரித்து எங்கள் வீட்டைக் கண்டுபிடித்து வந்து கூடத்தில் குந்தினாள்.

"இன்னாம்மா, நம்ம ராசாவுக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லையா? புள்ள பசியோட வரும், பாவம். வூட்ல காலைல ஒண்ணும் குடுக்க மாட்டீங்களா?" என்று அம்மாவைப் பார்த்துக் கேட்டாள்.

அம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "நான் குடுக்காமயா? நீங்க என்ன குடுப்பீங்க அவனுக்கு?"

"டீயும் பொறை ரொட்டியும். நான்தான் டெய்லி குடுக்கறேன், இல்லன்னா மயக்கம் போட்டு வுழுந்துடுவான்."

இஸ்திரிக்காரருக்கு ரோஷம் வந்துவிட்டது. "மாப்ளைக்குக் கூழ் ஊத்தறது நானு" என்றார். பாய் தன் நாஷ்டாவிலிருந்து இரண்டு இட்லி எடுத்துத் தருவது பிறகு தெரியவந்தது. பூக்காரம்மா வாழைப்பழம். ஆளுக்கு ஆள், தான் மட்டும்தான் அந்தப் பிள்ளையைப் பட்டினியிலிருந்து காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டிருந்தார்கள். அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். "இவன் ஏன் இப்படி ஊதறான்னு நான் வைத்தியர் வீடு வைத்தியர் வீடா ஏறி இறங்குனேனே!" என்றாள். அந்தத் துக்கத்திலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

டீக்கடை அக்காதான் அந்தத் தாழ்ப்பாளைப் பார்த்தாள். பேச்சை நிறுத்திவிட்டு எழுந்துபோய் அதைத் தொட்டுப் பார்த்தாள். உள்ளே டிரம்மைச் சுற்றுகிற காலடிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அப்பா உள்கட்டிலிருந்து வந்து நின்றார்.

"ஐயா, ரோட்டுல நெடுக நாங்கல்லாம் கீறோம். ஒருத்தர் கண்ணு தப்புனா இன்னொருத்தர் கண்ணு பார்க்கும். அதவிட ஜாஸ்தியா இந்தத் தாப்பா இன்னா பார்த்துடப் போவுது?" என்றாள்.

அப்பா துண்டை உதறவில்லை, வெளியே போகவுமில்லை. மறுநாள் விடிகாலையில் அவரே போய்த் தாழ்ப்பாளைத் திறந்துவிட்டார். திறந்தாரே தவிர கழற்றவில்லை. அது அந்தக் கதவிலேயே துருப்பிடித்துக்கொண்டு இருந்தது.

அன்றிலிருந்து அப்பாவுக்குத் திடீரென்று பக்தி முற்றிவிட்டது. அண்ணன் கிளம்பிய கொஞ்ச நேரத்தில் கறுப்புக் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "கோயிலுக்குப் போயிட்டு வரேன்" என்று கிளம்பிவிடுவார். வெயில் ஏறித்தான் திரும்பி வருவார். ஊரில் உள்ள மண்டிகளில் எல்லாம் வியாபாரம் பாதி முடிந்த பிறகு மண்டி திறக்கிற ஒரே ஆள் எங்கப்பாதான். ஆனாலும் மரியாதை கூடிப்போனது. தினமும் மலை சுற்றுகிற புண்ணியவான் என்று பேர் வந்துவிட்டது. புடவை வியாபாரி ஒருவர் பேத்திக்குப் பேர் வைக்க அவரைக் கூப்பிட்டார். ஆசிரமத்துப் பக்கம் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரர் அவரைப் பெரிய சாமியார் என்றெண்ணி நடுரோட்டில் காலில் விழுந்துவிட்டாராம். அந்த நேரம் பார்த்து அண்ணன் முன்னால் வளைவில் மறைந்துகொண்டிருந்ததால், அப்பா அவசரமாக அவர் தலையைக் குடையால் தொட்டுவிட்டுத் தாண்டிப் போனாராம்.

எனக்கு இதெல்லாம் பாய் சொல்லித்தான் தெரியும். தாலுகா ஆபீசில் டைப்பிஸ்ட் வேலை கிடைத்த புதிதில் ஒரு நாள் அந்தப் பக்கம் போனபோது, "அப்பா இன்னிக்கு குடை இல்லாம போனாரும்மா, அண்ணன் திரும்பிப் பார்த்துட்டா முகத்த எதால மறைப்பாரு?" என்று கவலைப்பட்டார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகு விவரமாகச் சொன்னார். அண்ணன் நடந்தால் அப்பா நடப்பாராம், அண்ணன் நின்றால் அப்பா புளியமரத்துக்குப் பின்னால் ஒதுங்கிவிடுவாராம். அத்தனை பெரிய உடம்பு ஒரு மரத்துக்குப் பின்னால் எப்படி அடங்கும் என்று கேட்டேன். "அடங்காதுதான். வயிறு வெளிய தெரியும்" என்றார் பாய். அந்த ரோட்டில் உள்ள அத்தனை பேருக்கும் அது தெரியும். ஒருவர்கூட அண்ணனிடம் அப்பாவைக் காட்டிக்கொடுத்ததில்லை.

வீட்டில் அம்மாவுக்கும் தெரிந்திருந்தது. "இன்னிக்கு சாமி தரிசனம் நல்லா ஆச்சா?" என்று கேட்டுக்கொண்டே அப்பாவின் காலில் குத்திய முள்ளை ஊக்கால் எடுத்துவிடுவாள். அவர், "ம், நல்ல கூட்டம்" என்பார். அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருப்பான். இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ள மாட்டார்கள். எங்கள் வீட்டில் அதைவிட நிம்மதியான வேளை எனக்கு ஞாபகமில்லை.

இப்படியே வருஷங்கள் போயின. எண்பதுகளின் நடுவில் ஒரு சாயங்காலம் மண்டியில் மூட்டைமேல் சாய்ந்து உட்கார்ந்த அப்பா எழுந்திருக்கவில்லை. மூத்த பிள்ளை கொள்ளி வைக்கவேண்டும். அவனுக்கு என்ன தெரியும் என்று சிலர் முணுமுணுத்தார்கள். நான் அவர்களைப் பார்த்த பார்வையில் அப்படியே அடங்கிவிட்டார்கள். சித்தப்பா மணிக்கட்டைப் பிடித்துக்கொள்ள, சொன்னதையெல்லாம் அண்ணன் செய்தான். அழவில்லை. சுடுகாட்டிலிருந்து திரும்பி வரும்போது ஒரே ஒரு தடவை பின்னால் திரும்பிப் பார்த்தானாம். அவனுக்கு என்ன புரிந்தது, என்ன புரியவில்லை என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

கருமாதி முடிந்த மறுநாள் அவன் வழக்கம்போல் கிளம்பினான். நாங்கள் தடுக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துப் பாய் சைக்கிளில் வியர்க்க விறுவிறுக்க வந்து இறங்கினார்.

"அம்மா, பெரியவரு எதிர்ல வர்றாரு! மலை இடப்பக்கம் கீது அவருக்கு!"

ஏதோ மலையே இடிந்து விழுந்துவிட்ட மாதிரி சொன்னார். அவர் தொழுகைக்குப் போகிற மனுஷர். மலை எந்தப் பக்கம் இருந்தால் அவருக்கென்ன என்று யாரும் கேட்க மாட்டோம். அவரும் எங்கள் ஊர்க்காரர்தானே. நான் வாசலுக்கு ஓடினேன். அண்ணன் தலையை இப்படியும் அப்படியும் திருப்பி, ஒவ்வொரு ஆளின் முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தான். வலது கையை இறுக்கி மூடியிருந்தான். விரல்களைப் பிரித்துப் பார்த்தேன். ஈரமாகக் கொஞ்சம் தூள் ஒட்டிக்கொண்டிருந்தது. என்னவென்று அப்போது தெரியவில்லை, கையைக் கழுவிவிட்டேன்.

அடுத்தடுத்த நாட்களிலும் அப்படியே. பாதி சுற்றுப் போவான், திரும்பி எதிர்ப்பக்கமாக வந்துவிடுவான். பார்த்தவர்கள் முகம் சுளித்தார்கள். பிறகு பௌர்ணமி வந்தது. அந்த வருஷங்களில்தான் பௌர்ணமிக்கு வெளியூர்க் கூட்டம் பெருக ஆரம்பித்திருந்தது. விடிந்த பிறகும் ரோடு நிறைய ஆட்கள் நடந்துகொண்டிருந்தார்கள். அந்த வெள்ளத்துக்கு எதிரே இத்தனை உயரமான ஒருவன், எல்லார் முகத்தையும் குனிந்து பார்த்துக்கொண்டு வந்தால் என்ன நடக்கும்? குடித்திருக்கிறான் என்று யாரோ பிடித்துத் தள்ளியிருக்கிறார்கள். மைல்கல்லில் மோதி நெற்றி கிழிந்திருந்தது. பூக்காரம்மா தன் முந்தானையைக் கிழித்துக் கட்டிக் கூட்டிவந்தாள்.

அன்றைக்கு அந்தத் தாழ்ப்பாளைப் போட்டது அம்மா. துரு பிடித்து நகராமல் இருந்ததை, இரண்டு கையாலும் தள்ளித் தள்ளிப் போட்டாள். போட்டுவிட்டு அதன் கீழேயே உட்கார்ந்து அழுதாள். அவளிடம் நான் எப்படிக் கோபப்படுவேன்?

சித்தப்பா வந்தார். "அண்ணி, அண்ணன் இருந்தவரைக்கும் சரி. இனிமே யாரு இவன் பின்னாடி அலைவாங்க? தெக்கால ஒரு கோயில் இருக்கு. இந்த மாதிரி ஆளுங்கள வெச்சுப் பார்த்துக்கறாங்க. கொண்டு விட்டுடலாம்" என்றார்.

"சங்கிலி போட்டுத்தான பார்த்துக்கறாங்க?" என்று கேட்டேன்.

"அது அவங்க நல்லதுக்குத்தாம்மா."

"அப்ப உங்க நல்லதுக்கு உங்களுக்கும் ஒண்ணு போடட்டுமா சித்தப்பா?" என்று கேட்டுவிட்டேன். அவர் எழுந்து போய்விட்டார். ஆனால் அவர் கேட்ட கேள்வி வீட்டிலேயே இருந்தது. நான் காலையில் ஆபீஸ் போகவேண்டும். அம்மாவுக்கு மூட்டுவலி. உள்ளே டிரம்மைச் சுற்றுகிற சத்தம் மறுபடியும் ஆரம்பித்திருந்தது. இரண்டே வழிதான் எனக்குத் தெரிந்தது: ஒன்று அந்த அறை, இல்லையென்றால் அந்தக் கோயில். மனசு விட்டே போயிருந்தது.

அப்போதுதான் டீக்கடை அக்கா வந்தாள். அடி அண்ணாமலையிலிருந்து நடந்தே வந்திருந்தாள். உள்ளே வந்ததும் தாழ்ப்பாளைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், உட்கார்ந்தாள்.

"உங்களுக்கெல்லாம் புரியலியா? அவன் அவங்கப்பாவத் தேடறான்" என்றாள். "அப்பா பின்னாடி வர்றது அவனுக்குத் தெரியும். மொத நாள்லருந்தே தெரியும்."

நான் நம்பவில்லை. அவள் சொன்னாள். அவள் கடையில் பொறை வாங்கினால் அண்ணன் அதைப் பாதியாக உடைப்பானாம். கல்லாட்டம் இருக்கிற அந்தப் பொறையில் பாதியைத் தன் டீயில் நனைத்துத் தின்றுவிட்டு, மீதிப் பாதியைப் பெஞ்சின் மேல் வைத்துவிட்டு எழுந்து போவானாம். திரும்பிப் பார்க்கவே மாட்டானாம். கொஞ்ச நேரத்தில் அப்பா மரத்துக்குப் பின்னாலிருந்து வந்து அதே பெஞ்சில் உட்காருவார். அக்கா அவருக்கு ஒரு டீயும் அந்தப் பாதிப் பொறையும் கொடுப்பாள்.

"கடையில உடைஞ்சது மிச்சம்னு நெனச்சிக்கினு துன்னுட்டுப் போவாரு. நான் சொல்லல. ஒளிஞ்சிக்கினு வர்றதுல அவருக்கு ஒரு சந்தோஷம், பார்க்காத மாதிரி போறதுல இவனுக்கு ஒரு சந்தோஷம். நடுவுல நான் ஏன் பூந்து கெடுக்கணும்?" என்றாள். "இப்ப பொறைய வெச்சிட்டுப் போறான், எடுக்க ஆளு வர்ல. அப்பால அதக் கையில எடுத்துக்கினு திரும்பி வர்றான், எங்கனா வழியில நின்னுட்டாரான்னு பார்க்க."

நான் கழுவிவிட்ட அந்த ஈரத்தூள் எனக்கு ஞாபகம் வந்தது. அம்மா எதிரில் அழக்கூடாது என்று அப்பா போன நாளிலிருந்து வைத்திருந்த வைராக்கியம் எல்லாம் அந்த இடத்தில் உடைந்துபோயிற்று. ஒரு மூச்சு அழுது தீர்த்தேன்.

"அழுதா ஆச்சா? அவனுக்குப் பின்னாடி ஒரு ஆளு வர்ணும், அவ்ளோதான்" என்றாள் அக்கா. அதைச் சொல்லத்தான் வந்திருந்தாள்.

யார் யாரிடம் அவள் பேசினாள் என்று எனக்குத் தெரியாது. மறுநாள் காலையில் பாய் வாசலில் நின்றார். அம்மா தாழ்ப்பாளைத் திறந்தாள். ஆசிரமம் வரை பாய் பின்னாலேயே போனார். அங்கிருந்து பூக்காரம்மாவின் வீட்டுக்காரர். ஆனால் புளியமரங்களுக்கு நடுவே அண்ணன் திரும்பிப் பார்த்துவிட்டு நின்றுவிட்டான். எதிர்ப்பக்கமாகத்தான் வீடு வந்தான். பாய்க்கு அவமானமாகப் போய்விட்டது. கையைப் பிசைந்துகொண்டு நின்றவரிடம், அம்மா உள்ளே போய்க் கதவுக்குப் பின்னால் மாட்டியிருந்த அப்பாவின் குடையை எடுத்துவந்து கொடுத்தாள்.

"நாளைக்கு இதைப் பிடிச்சிக்கினு போங்க" என்றாள்.

மறுநாள் காலை பாய், ஒரு சொட்டு மழையில்லாத வானத்தின் கீழ், கறுப்புக் குடையை முகத்துக்கு நேரே விரித்துப் பிடித்துக்கொண்டு சைக்கிளை உருட்டிக்கொண்டு போனதைத் தெருவே வேடிக்கை பார்த்தது. ஆசிரமத்துக்கு எதிரே குடை கை மாறியது. அடி அண்ணாமலையில் மறுபடியும் கை மாறியது. காஞ்சி ரோட்டிலிருந்து இஸ்திரிக்காரர் கொண்டுவந்தார். புளியமரத்தருகே அண்ணன் திரும்பிப் பார்த்தானாம். தூரத்தில் குடை தெரிந்தது. திரும்பி, மலையை வலது கைப்பக்கம் வைத்துக்கொண்டு நடந்தானாம். வீட்டுக்கு வந்து தட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தான். பின்னாலேயே குடை வந்து சேர்ந்தது. அம்மா அதை வாங்கிக் கதவுக்குப் பின்னால் மாட்டினாள்.

அதற்கப்புறம் அந்தக் குடை தினமும் எங்கள் வீட்டிலிருந்து யார் கையிலோ கிளம்பி, வேறு யார் கையிலோ திரும்பி வந்தது. கம்பி ஒடிந்தால் யாரோ சரிபண்ணிக் கொடுத்தார்கள். வேலையிருக்கிறது, இன்றைக்கு முடியாது என்று ஒருவர் சொன்னால் அடுத்தவர் கொஞ்சம் கூடுதலாக நடந்தார். சித்தப்பாவே ஒரு நாள் யாருக்கும் சொல்லாமல் போய் காஞ்சி ரோட்டில் குடையை வாங்கிக்கொண்டு வந்தார். நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன். அதை எங்கள் வீட்டு ஆட்களிடம்தான் கற்றிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை என் முறை. முதல் ஞாயிறு, குடையை விரித்துக்கொண்டு பின்னால் நடந்தேன். அவன் காலுக்கு என் கால் எப்படி ஈடுகொடுக்கும்? ஆசிரமம் தாண்டுவதற்குள் மூச்சு வாங்கிற்று. அவன் நின்றபோது நானும் புளியமரத்துக்குப் பின்னால் ஒதுங்கினேன். மரப்பட்டை ஒரு இடத்தில் வழுவழுவென்று தேய்ந்திருந்தது. அப்பா சாய்ந்து சாய்ந்து தேய்ந்ததாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். மாடு உரசியதாகவும் இருக்கலாம். எட்டிப் பார்த்தால் அண்ணன் ரொம்ப தூரம் போயிருந்தான். அப்பாவுக்கு அந்த வயிற்றோடு எப்படித்தான் முடிந்ததோ.

அடி அண்ணாமலைக்கு நான் போய்ச் சேரும்போது அவன் போயிருப்பான், பெஞ்சில் பாதிப் பொறை மட்டும் இருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். அவன் போகவில்லை. எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தான். டம்ளர் காலியாக இருந்தது. டீக்கடை அக்கா என்னைப் பார்த்து, பேசாதே என்று உதட்டில் விரல் வைத்தாள். நான் குடையைத் தாழ்த்தி முகத்தை மறைத்துக்கொண்டு அவனுக்குப் பின்னால் போய் நின்றேன்.

அண்ணன் திரும்பிப் பார்க்கவில்லை. வலது கையை மட்டும் தோளுக்கு மேலாகப் பின்பக்கம் நீட்டினான். கையில் பாதிப் பொறை இருந்தது.

"பாப்பா" என்றான்.

வாங்கிக்கொண்டேன். அவன் "போலாம்" என்று சொல்லி எழுந்து, ஒரு தடவைகூடத் திரும்பாமல், அன்றைக்கு மட்டும் கொஞ்சம் மெதுவாக நடக்க ஆரம்பித்தான்.